மூன்றாவது மணி நேரத்தின் சர்க்கரை

2013 ஜூலை 18. டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயத்தின் 100ஆவது போட்டி அது. ஆல்ப்ஸ் மலையில் ஆல்ப் டூயேஸ் என்ற ஏற்றத்தை வீரர்கள் அன்று ஒரே நாளில் இரண்டு முறை ஏற வேண்டியிருந்தது. ஒட்டுமொத்த முன்னிலையில் இருப்பவருக்குரிய மஞ்சள் சட்டையில் இருந்த கிறிஸ் ஃப்ரூம், இரண்டாவது ஏற்றத்தின் பிற்பகுதியில் கையைத் தூக்கி உதவி கேட்டார். சக அணி வீரர் ரிச்சி போர்ட் பின்தங்கிச் சென்று, அணியின் காரிலிருந்து சர்க்கரை ஜெல் பொட்டலங்களை வாங்கிவந்து கொடுத்தார். பந்தய முடிவுக்கு அவ்வளவு அருகில் காரிலிருந்து உணவு வாங்குவது விதிமீறல். இருவருக்கும் தலா 20 விநாடி தண்டம் விழுந்தது. தண்டம் விழுந்தாலும் மஞ்சள் சட்டை கைவிட்டுப் போகவில்லை. மூன்று நாள் கழித்துப் பாரிசில் பட்டம் ஃப்ரூமுடையதாயிற்று.

கையைத் தூக்கிய அந்தக் கணத்தில் அவர் உடலில் கொழுப்புக்குப் பஞ்சமில்லை. எவ்வளவு மெலிந்த வீரரானாலும் சில கிலோ கொழுப்பு உடலில் இருக்கும். ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏறக்குறைய 7,700 கலோரி. நாட்கணக்கில் நடக்க அது போதும். தீர்ந்துபோவது மாவுச்சத்துதான். மாவுச்சத்தின் கையிருப்பு நம் எல்லோருக்குமே வியக்கத்தக்க அளவு சிறியது. இரத்தம் முழுவதிலும் ஓடிக்கொண்டிருக்கும் குளுக்கோஸ் 5 கிராம் அளவுதான், ஒரு தேக்கரண்டி. கல்லீரலில் கிளைக்கோஜன் என்ற வடிவில் சுமார் 100 கிராம். தசைகளில் எல்லாம் சேர்த்து 300 முதல் 500 கிராம். ஓடும்போது ஒரு கிலோமீட்டருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவர் ஒரு மாரத்தானை முடிக்க 2,500 கலோரி வேண்டும். கையிருப்பு முழுவதையும் கூட்டினாலும் கணக்கு அந்த இடத்தில்தான் வந்து முட்டுகிறது. மாரத்தான் ஓடுகிறவர்களில் பலர் 30ஆவது கிலோமீட்டரைத் தாண்டியதும் திடீரெனக் கால் ஓய்ந்து நிற்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

கொழுப்பு அவ்வளவு இருக்கும்போது உடல் ஏன் அதை எடுத்துக்கொள்வதில்லை? எடுத்துக்கொள்ளத்தான் செய்கிறது, ஆனால் மெதுவாக. கொழுப்பை எரிக்கும் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. மேலும், ஒரு லிட்டர் ஆக்சிஜனைக் கொண்டு மாவுச்சத்தை எரித்தால் சுமார் 5 கலோரி கிடைக்கும். அதே ஆக்சிஜனில் கொழுப்பை எரித்தால் 4.7 கலோரிதான். மூச்சு வாங்க ஓடுகிறவருக்கு ஆக்சிஜன்தான் தட்டுப்பாடு என்பதால் இந்தச் சிறு வித்தியாசம் பெரிதாகிவிடுகிறது. நடைக்குக் கொழுப்பு போதும். வேகம் ஏற ஏற உடல் மாவுச்சத்தின் பக்கம் சாய்ந்துகொண்டே போகும்.

இருக்கிற கையிருப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. தசையில் உள்ள கிளைக்கோஜன் அந்தந்த வீட்டுக் குதிரில் கொட்டிவைத்த நெல் மாதிரி, அந்த வீட்டாருக்கு மட்டும்தான். கையில் மிச்சமிருப்பதைக் காலுக்கு அனுப்ப முடியாது, ஏனெனில் குளுக்கோஸை விடுவித்து இரத்தத்தில் சேர்க்கும் நொதி தசையில் இல்லை. அது கல்லீரலில் உண்டு. அதனால் இரத்தச் சர்க்கரையைத் தாங்கும் பொறுப்பு முழுவதும் அந்த 100 கிராமின் தலையில் விழுகிறது. மூளை வேறு நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸைக் கேட்கும். அதிகாலையில் எழுந்து வெறும் வயிற்றில் நீண்ட தூரம் ஓடப் போகிறவரின் கல்லீரல் இரவு முழுவதும் மூளைக்குப் படியளந்து ஏற்கெனவே பாதி காலியாகியிருக்கும்.

நீண்ட ஓட்டத்தில் இரத்தச் சர்க்கரை சரிவதை முதலில் நேரடியாகக் கண்டவர்கள் பாஸ்டன் நகர மருத்துவர்கள். 1924ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான் முடிந்ததும், சாமுவேல் லெவைனும் அவருடைய சக மருத்துவர்களும் ஓடி முடித்தவர்களில் சிலரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். பலருக்குச் சர்க்கரை வெகுவாகக் குறைந்திருந்தது. அப்படிக் குறைந்தவர்களின் முகம் வெளிறி, உடல் நடுங்கி, நினைவு தடுமாறியது. இந்தக் காட்சி மருத்துவ உலகுக்கு அப்போதுதான் அறிமுகமாகியிருந்தது. இன்சுலின் 1922இல்தான் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. அளவு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை அதன் பிறகே கண்ணால் கண்டார்கள். மாரத்தான் முடித்தவரும் இன்சுலின் மிகுந்தவரும் ஒரே கோலத்தில் இருந்ததை லெவைன் குழு கவனித்தது. மறு ஆண்டு, முன்தினமே மாவுச்சத்து மிகுந்த உணவைச் சாப்பிட்டு, ஓட்டத்தின் நடுவே மிட்டாய் தின்னுமாறு ஓட்டக்காரர்களுக்குச் சொன்னார்கள். அவர்கள் சர்க்கரை குறையாமல், தெளிவாக ஓடி முடித்தார்கள். 1925இலேயே விடை கையில் இருந்தது. ஆனாலும் அதன்பின் பல பத்தாண்டுகள், ஓட்டத்தின் நடுவே எதையும் உண்ணாமலிருப்பதே வீரம் என்று தொலைதூர ஓட்டக்காரர்கள் பலர் நம்பிவந்தார்கள். தண்ணீர்கூட வேண்டாம் என்றவர்கள் உண்டு. எத்தனை நல்ல ஓட்டங்கள் அதனால் பாழாகியிருக்கும் என்று நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

அடுத்த பெரிய அடி சுவீடனில் விழுந்தது. தசையிலிருந்து ஊசி வழியாகச் சிறு துணுக்கை எடுத்துச் சோதிக்கும் முறையை யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம் 1960களின் தொடக்கத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1966இல் அவரும் எரிக் ஹூல்ட்மனும் தங்கள் உடலையே சோதனைக்கூடமாக்கினார்கள். ஒரே நிலை மிதிவண்டியின் இரு பக்கமும் ஆளுக்கொருவராக உட்கார்ந்து, ஒருவர் ஒரு காலாலும் மற்றவர் ஒரு காலாலும் களைத்துப்போகும்வரை மிதித்தார்கள். மற்றக் கால் சும்மா இருந்தது. மிதித்த காலில் கிளைக்கோஜன் ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது. அடுத்த மூன்று நாளும் மாவுச்சத்து மிகுந்த உணவு. மூன்றாம் நாள் பார்த்தால், உழைத்த காலின் சேமிப்பு சும்மா இருந்த காலைப்போல இரண்டு மடங்கு. ஒரே உடல், ஒரே இரத்தம், ஒரே சாப்பாடு. உழைத்த தசை மட்டும் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டது. என் பார்வையில் விளையாட்டு அறிவியலில் இதைவிட அழகான சோதனை இல்லை. ஒப்பிட வேண்டிய இன்னொரு மனிதனே தேவைப்படவில்லை, இடது காலுக்கு வலது காலே சாட்சி.

மறு ஆண்டில் வந்த ஆய்வு இதைத் தாங்குதிறனோடு இணைத்தது. ஒரே வேகத்தில் மிதிவண்டி மிதிக்கச் சொன்னபோது, கொழுப்பும் புரதமும் மிகுந்த உணவை உண்டவர்கள் சராசரியாக 57 நிமிடத்தில் ஓய்ந்தார்கள். கலப்பு உணவு உண்டவர்கள் 114 நிமிடமும், மாவுச்சத்து மிகுந்த உணவு உண்டவர்கள் 167 நிமிடமும் தாக்குப்பிடித்தார்கள். இத்தனைக்கும் மூன்று முறையும் மிதித்தவர்கள் அதே ஆட்கள்தான். சோறு மாறியது, நேரம் மூன்று மடங்கானது.

இதுவரை சொன்னது புறப்படும் முன் நிரப்பிக்கொள்வது பற்றி. வழியில் உண்பது என்ன செய்கிறது என்பதை 1986இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் காயிலின் குழு தெளிவாகக் காட்டியது. பயிற்சி பெற்ற மிதிவண்டி வீரர்கள் ஏழு பேர். சுவையூட்டிய வெறும் நீரைக் குடித்தபோது மூன்று மணி நேரத்தில் ஓய்ந்தார்கள். மாவுச்சத்து கலந்த பானம் குடித்தபோது நான்கு மணி நேரம் ஓட்டினார்கள். தசையின் கிளைக்கோஜனை மிச்சம் பிடித்ததால்தான் இந்த ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது என்று நினைக்கத் தோன்றும். சோதித்துப் பார்த்தால் அப்படி இல்லை. தசையின் சேமிப்பு இரண்டு முறையும் ஒரே வேகத்தில்தான் கரைந்தது. வித்தியாசம், மூன்றாவது மணி நேரத்துக்குப் பிறகு. சேமிப்பு வறண்ட பின்னும் குடித்த சர்க்கரை இரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது, கால்கள் அதை எடுத்து எரித்தபடி தொடர்ந்து மிதித்தன. வழியில் உண்பது தசைக்குள்ளிருக்கும் சேமிப்பைக் காப்பதற்காக அல்ல, அது தீரும் வேளையில் இரத்தத்தில் வேறொரு வரத்து இருக்க வேண்டும் என்பதற்காக.

அப்படியானால் வேண்டிய மட்டும் குடித்துக்கொண்டே போகலாமே? இங்கேதான் கதை தசையை விட்டுச் சிறுகுடலுக்கு நகர்கிறது. கடந்த முப்பது ஆண்டுகளின் முன்னேற்றத்தில் பெரும்பகுதி குடலைப் புரிந்துகொண்டதால் வந்தது என்பேன்.

குடித்த குளுக்கோஸ் குடல் சுவரைத் தானாகக் கடந்துவிடாது. அதை உள்ளே கொண்டுபோக ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. எஸ்ஜிஎல்டி-1 என்று பெயர். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறோடு இரண்டு சோடியம் அயனிகளையும் சேர்த்தே அது உள்ளே இழுக்கும், பின்னாலேயே தண்ணீரும் வரும். சர்க்கரையும் உப்பும் இப்படிக் கைகோத்தே நுழைகின்றன என்ற கருத்தை 1960இல் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் ராபர்ட் கிரேன் முன்வைத்தார். வயிற்றுப்போக்குக்கு நாம் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியின் அடிப்படை இதுதான். 1971இல் வங்கதேசப் போரின்போது, எல்லையோரப் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்த நிலையில், மருத்துவர் திலீப் மகலனபிஸ் இந்தக் கரைசலை வாய்வழியே கொடுக்கச் செய்தார். 30 விழுக்காட்டை எட்டியிருந்த சாவு விகிதம் 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. மாரத்தான் ஓடுகிறவரின் குடுவையிலும் காலரா முகாமின் குவளையிலும் வேலை செய்வது ஒரே புரதம் என்பதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

அந்தப் புரதத்துக்கும் வரம்பு உண்டு. எவ்வளவு குளுக்கோஸ் குடித்தாலும் நிமிடத்துக்கு ஒரு கிராம், அதாவது மணிக்கு 60 கிராம் அளவுக்குமேல் உடலால் எரிக்க முடிவதில்லை. மிஞ்சியது குடலிலேயே தேங்கித் தண்ணீரை இழுக்கும், வயிறு பொருமும், ஓட்டக்காரர் பாதையோரம் ஓட வேண்டிவரும். இந்த வரம்பு ஆளின் எடையைப் பொறுத்ததன்று. 50 கிலோ பெண்ணுக்கும் 80 கிலோ ஆணுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே.

இந்தத் தடையைச் சுற்றிப் போக ஒரு வழியை இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஆஸ்கர் யூகென்ட்ரூப்பும் ராய் யென்ட்யென்ஸும் கண்டார்கள். பழச்சர்க்கரையான பிரக்டோஸ் வேறொரு கடத்தி வழியாக நுழைகிறது. அப்படியானால் இரண்டையும் கலந்து கொடுத்தால் என்ன? உள்ளே போனது எரிகிறதா என்று அறிய அவர்கள் மூச்சுக்காற்றைச் சேகரித்துச் சோதித்தார்கள். சாதாரணக் கார்பனைவிடச் சற்றுக் கனமான கார்பன்-13ஐ அடையாளமாக வைத்து, வெளிவிடும் கரியமில வாயுவில் அது எவ்வளவு என்று அளந்தால், குடித்த சர்க்கரை எவ்வளவு எரிந்தது என்று தெரிந்துவிடும். மக்காச்சோளச் சர்க்கரையில் இந்தக் கார்பன் இயல்பாகவே கூடுதல். கலவையைக் குடித்தவர்கள் நிமிடத்துக்கு 1.2 கிராமுக்கு மேல் எரித்தார்கள். இன்னும் அதிகமாகக் கொடுத்த ஒரு சோதனையில் 1.75 கிராம்வரை போனது. 2008இல் வந்த ஆய்வொன்றில், இரண்டு மணி நேரம் மிதித்த பிறகு வைத்த நேரப் போட்டியில், தனிக் குளுக்கோஸ் குடித்தவர்களைவிடக் கலவை குடித்தவர்கள் 8 விழுக்காடு சிறப்பாக ஓட்டினார்கள். பதக்கங்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான இடைவெளியில் கைமாறும் உலகில் இது மிகப் பெரிய எண்.

குளுக்கோஸும் பிரக்டோஸும் சரிபாதியாகச் சேர்ந்த பொருள் ஒன்று நம் சமையலறையில் ஏற்கெனவே இருக்கிறது. கரும்புச் சர்க்கரை. குடலில் அது இரண்டாகப் பிளந்து, இரண்டு வழியாகவும் நுழைகிறது. விலை உயர்ந்த ஜெல்களில் உள்ள சரக்கும் வேதியியலில் இதற்குப் பக்கத்து வீடுதான். கையில் எடுத்துப்போக வசதி, சரியான அளவு என்ற இரண்டும்தான் ஜெல்லின் உண்மையான பயன். வெல்லமும் கருப்பட்டியும்கூட இந்த வேலையில் சர்க்கரையேதான், ஓட்டத்தின் நடுவே அவற்றுக்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. கென்ய ஓட்டக்காரர்களின் உணவை ஆராய்ந்து 2004இல் வெளியான கட்டுரை ஒன்று, அவர்களுக்குக் கிடைக்கும் ஆற்றலில் நான்கில் மூன்று பங்கு மாவுச்சத்திலிருந்து வருவதாகக் கண்டது. மக்காச்சோள மாவில் கிண்டும் உகாலிக்கு அடுத்த பெரும்பங்கு, தேநீரில் கரைத்துக் குடிக்கும் சர்க்கரை. மொத்த ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதிலிருந்து வந்தது. வாழைப்பழத்தையும் சோதித்திருக்கிறார்கள். 2012இல் 75 கிலோமீட்டர் மிதிவண்டிச் சோதனையில் வாழைப்பழம் தின்றவர்களும் விளையாட்டுப் பானம் குடித்தவர்களும் ஒரே நேரத்தில் முடித்தார்கள். பழம் தின்றவர்களுக்கு வயிறு சற்று உப்பியது, அவ்வளவுதான்.

ஒரு மணி நேரமே நீடிக்கும் போட்டியில் சேமிப்பு தீர வாய்ப்பில்லை. ஆனாலும் அதில்கூட இனிப்புப் பானம் வேகத்தைக் கூட்டியது ஆய்வாளர்களைக் குழப்பியது. காரணம் தேடி, பர்மிங்காமில் வீரர்களுக்கு நரம்பு வழியே குளுக்கோஸைச் செலுத்திப் பார்த்தார்கள். இரத்தத்தில் சர்க்கரை ஏறியது, வேகம் ஏறவில்லை. பிறகு மாவுச்சத்துக் கரைசலை வாயில் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். ஒரு துளியும் விழுங்கவில்லை, ஆனால் 40 கிலோமீட்டர் தூரத்துக்கு ஈடான நேரப் போட்டியை ஏறக்குறைய 3 விழுக்காடு வேகமாக முடித்தார்கள். அந்தக் கரைசலில் இருந்த மால்டோடெக்ஸ்ட்ரினுக்குச் சுவையும் அவ்வளவாகக் கிடையாது. 2009இல் மூளையை ஸ்கேன் செய்தபோது, மாவுச்சத்து வாயில் பட்டதும் ஊக்கத்தோடும் இயக்கத்தோடும் தொடர்புடைய பகுதிகள் விழித்துக்கொண்டது தெரிந்தது. சாக்கரினின் வெற்று இனிப்பு அதைச் செய்யவில்லை. இனிப்பைத் தவிர வேறு எதையோ வாய் உணர்ந்து, சோறு வருகிறது என்று மூளைக்குச் சேதி சொல்கிறது. களைப்பு என்று நாம் உணர்வதில் ஒரு பங்கு, எரிபொருள் தீர்ந்துவிடுமோ என்று மூளை முன்கூட்டியே பிடிக்கும் பிரேக். நோன்பிருந்து பயிற்சி செய்கிறவர்கள் இந்தக் கொப்பளிப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எதிர்த் திசையிலிருந்தும் ஒரு வாதம் வரும். மாவுச்சத்தையே ஒதுக்கிவிட்டுக் கொழுப்பை எரிக்க உடலைப் பழக்கினால், வற்றாத சேமிப்பு கிடைக்குமே? ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனத்தில் லூயிஸ் பர்க் இதை நேர்மையாகச் சோதித்தார். உலகத் தரமான நடைப்போட்டி வீரர்களுக்கு மூன்று வாரக் கடும்பயிற்சி. ஒரு பிரிவுக்கு மாவுச்சத்து மிகுதி, இன்னொரு பிரிவுக்குக் கொழுப்பு மிகுதி. கொழுப்புப் பிரிவினர் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குக் கொழுப்பை எரித்தது உண்மை. ஆனால் அதே வேகத்துக்கு அவர்களுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்பட்டது. 10 கிலோமீட்டர் போட்டியில் மாவுச்சத்துப் பிரிவினர் 6 விழுக்காட்டுக்கு மேல் முன்னேற, கொழுப்புப் பிரிவினர் இருந்த இடத்திலேயே நின்றார்கள். மெல்ல, மிக நீண்ட தூரம் போகிறவருக்கு அந்த உணவு ஒத்துவரலாம். வேகம் வேண்டுமென்றால் 5 கலோரிக்கும் 4.7 கலோரிக்கும் உள்ள அந்த இடைவெளியை மன உறுதியால் நிரப்ப முடியாது.

நம் ஊரில் ஓட வருகிறவர்களிடம் நான் காணும் தயக்கம் வேறு. வீட்டுக்கு வீடு நீரிழிவு இருக்கும் சமூகம் இது. சர்க்கரை என்றாலே அச்சம் வருவதில் தவறில்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து குடிக்கும் சர்க்கரையும் இரண்டாவது மணி நேர ஓட்டத்தில் குடிக்கும் சர்க்கரையும் உடலுக்குள் வேறு வேறு பாதையில் போகின்றன. ஓடும்போது சுரக்கும் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் இன்சுலினை அடக்கி வைக்கின்றன. சுருங்கி விரியும் தசையோ, இன்சுலினுக்குக் காத்திராமல் தானே குளுக்கோஸை இழுத்துக்கொள்கிறது. உடற்பயிற்சி நீரிழிவுக்கு மருந்தாவதும் இந்தக் குணத்தால்தான். அதனால் அரை மணி நேர நடைக்கு இனிப்புப் பானம் தேவையே இல்லை, அது வீண் கலோரி. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போனால் கலவையாக 90 கிராம்வரை என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட அளவு. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களும் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களும் நீண்ட ஓட்டத்தில் தாழ்சர்க்கரைக்கு ஆளாகலாம், அவர்கள் மருத்துவரிடம் பேசாமல் இறங்கக் கூடாது.

மணிக்கு 60 கிராம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் நான்கைந்து மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகைக்குச் சற்று அதிகமாக உப்பு. இளநீர் தாகத்துக்கு அருமையானது, பொட்டாசியமும் உண்டு. ஆனால் ஓர் இளநீரில் இருக்கும் சர்க்கரை இந்த அளவில் கால் பங்கைத் தொட்டாலே அதிகம், சோடியமும் குறைவு. கடலை மிட்டாயின் கொழுப்பு இரைப்பையை மெதுவாக்கும், அதை ஓடி முடித்த பிறகு சாப்பிடலாம்.

எந்த அளவானாலும் பந்தய நாளில் முதன்முறையாக முயலக் கூடாது. கடுமையாக ஓடும்போது குடலுக்குப் போகும் இரத்தம் பெருமளவு கால்களுக்கும் தோலுக்கும் திருப்பிவிடப்படுகிறது. பழக்கமில்லாத குடல் அந்த நிலையில் 60 கிராமைக்கூட ஏற்காது. ஆனால் தசையைப்போலக் குடலும் பயிற்சிக்குப் பணியும். மாவுச்சத்து தொடர்ந்து வந்தால் கடத்திப் புரதங்கள் பெருகுகின்றன, இரைப்பையும் நிறைவோடு ஓடப் பழகுகிறது. இரண்டு வாரம் ஓட்டத்தின்போதே மாவுச்சத்தை உண்டு பழகியவர்களுக்கு வயிற்றுத் தொல்லை குறைந்ததை ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டியுள்ளன. தொழில்முறை மிதிவண்டி வீரர்கள் இன்று மணிக்கு 120 கிராம்வரை போவது இப்படி மாதக்கணக்கில் பழகிய குடலால்தான். 2018இல் இத்தாலியப் பந்தயத்தில் இறுதிக்கு 80 கிலோமீட்டர் முன்பே ஃப்ரூம் தனியே பிரிந்து போய் வென்ற நாளில், அவருடைய அணி ஃபினெஸ்ட்ரே மலைப்பாதை நெடுக ஆட்களை நிறுத்தி, எந்த வளைவில் எதை உண்ண வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருந்தது.

சென்னை போன்ற ஊரில் ஓடுகிறவர்களுக்கு இன்னொன்றும் சேர்கிறது. வெப்பத்தில் தசையின் கிளைக்கோஜன் வேகமாகக் கரையும். அதே வெப்பத்தில், குடித்த சர்க்கரையை எரிக்கும் திறனும் குறையும். குளிர்நாட்டு ஆய்வகத்தில் கிடைத்த 90 கிராமை அப்படியே இங்கே தூக்கிவர முடியாது. 30 கிராமில் தொடங்கி, வாராந்திர நீண்ட ஓட்டத்தில் சிறிது சிறிதாக ஏற்றி, எந்த அளவில் வயிறு முணுமுணுக்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். அந்த ஓட்டத்தையும் பந்தயம் நடக்கும் அதே வேளையில், அதே வெயிலில், அன்று குடிக்கப்போகும் அதே பானத்தோடு வைத்துக்கொள்வது நல்லது.